ஒன்றும் கலக்கவில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

மனநோய் உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு, வீட்டில் இருந்தபடியே நர்ஸ் ஒருவரின் துணை கிடைக்க எங்கள் மருத்துவமனை ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. உங்கள் மகளைப் பார்க்கும் டாக்டர் உங்களை அதில் சேர்த்திருக்கிறார். மற்ற தாய்மாரிடம் வாரம் ஒரு முறை இருபது நிமிடம் போனில் பேசுகிறேன். உங்கள் வீட்டில் போன் எடுத்தாலே மகள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று கலங்குகிறாள் என்று டாக்டரிடம் சொன்னீர்களாம். அதனால் உங்களுக்கு மட்டும் கடிதம் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டபடி உங்கள் சலவைக்கடை முகவரிக்கே அனுப்புகிறேன்.

'தாயும் தன்னைப் பேணலாம்' என்ற சிறு புத்தகமும், இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் இத்துடன் இருக்கின்றன. படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நீங்கள் எழுதுவது நமக்குள் இருக்கும். யாருடைய உடம்புக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

நீங்கள் தனியாக இல்லை.

உங்கள் நலம் நாடும்,
நர்ஸ்


பிப்ரவரி 9

நர்ஸம்மாவுக்கு,

சகோதரி என்று எழுத வேண்டாம். எனக்கு ஏற்கனவே ஓர் அக்கா இருக்கிறாள். "வேலைக்கு அனுப்பு, எல்லாம் தானா தெளிஞ்சிடும்" என்று வாரம் தவறாமல் சொல்கிற மகராசி. ஒருத்தியே தாங்கவில்லை.

புத்தகம் படித்தேன். தினமும் பதினைந்து நிமிடம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்துவிடச் சொல்கிறது நாலாம் பக்கம். நான் இஸ்திரி மேசையில் நிற்கிறவள். எங்கள் கடையில் இருக்கிற ஒரே ஜன்னலில் உலர்த்தும் மெஷினின் குழாயை விட்டிருக்கிறார்கள். மூச்சை இழுத்தால் ஊரார் சட்டையின் ஆவிதான் உள்ளே போகும். அட்டையில் தலை வாரி, பொட்டுச் சுருக்கம் இல்லாத துணி உடுத்தி ஓர் அம்மா சிரிக்கிறாளே, அவளிடம் என் பெண்ணை ஒரு வாரம் அனுப்பி வைக்கிறேன். அதற்குப் பிறகு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

படிவத்தில் முதல் கேள்வி: கடந்த மாதத்தில் எத்தனை முறை சோர்வாக உணர்ந்தீர்கள்? ஒரு முறைதான். போன வருடம் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. மற்ற இருபத்தொன்றையும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருபத்தைந்து வயது இருக்குமா? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, "புரியுதும்மா, புரியுதும்மா" என்று சொல்லச் சம்பளம் தருகிறார்கள். கொடுத்துவைத்தவர்.

இவ்வளவு தூரம் எழுதுகிறீர்களே என்பதற்காகச் சொல்கிறேன். என் மகளுக்கு இருபது வயது. கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம், பின் பெஞ்சில் இருக்கிற பெண்கள், தன் மனதில் நினைப்பதை எல்லாம் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று வகுப்பிலிருந்து எழுந்து வந்தாள். அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர் பேசியது. ஒரு நாள் செருப்புக்கூட இல்லாமல் போனவளை ஏழு மணி நேரம் கழித்துப் பேருந்துகள் நிறுத்தும் இடத்தில் பிடித்தோம். மூன்று வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் அப்பா வெளியூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பத்து நிமிடம் அறிவுரை, அதோடு அவர் கடமை தீர்ந்தது.

ஒரு மாதமாகப் புதிதாக ஒன்று. நான் அவள் குடிப்பதில் ஏதோ கலக்கிறேனாம். கோப்பையை முகர்ந்து பார்க்கிறாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். "என்னம்மா போட்டிருக்க?" என்று தினமும் கேட்கிறாள். என்ன பதில் சொல்ல? உங்கள் புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இஸ்திரி மேசை


பிப்ரவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மனநல வார்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முழங்கால் இரண்டும் போன பிறகு இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். என் நாற்காலி சுழலாது. ஒரு கால் உடைந்து, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். அட்டைப்படத்து அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தது என் மேலதிகாரி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் அடிக்கடி வருவது. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாதாடாதீர்கள், சிரிக்காதீர்கள், எரிந்து விழாதீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே குரலில், "ஒண்ணும் கலக்கல, பயப்படாத" என்று சொல்லுங்கள். அதே பாத்திரத்திலிருந்து நீங்களும் ஊற்றி அவள் முன்னால் குடியுங்கள். பத்து நாள் விடாமல் செய்தால் கொஞ்சம் அடங்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தச் சந்தேகத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அதை நீங்கள் எழுதவில்லை.

கோபமாக எழுதினாலும் எழுதுங்கள். எழுதாமல் இருப்பதைவிட அது நல்லது.

அன்புடன்,
நர்ஸ்


பிப்ரவரி 26

நர்ஸம்மாவுக்கு,

ஐம்பத்தெட்டா? சரி, வயதுக்கு மரியாதை. வைத்தியத்துக்கு இல்லை.

நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் கலக்கல கண்ணு, பயப்படாத" என்றேன். அதே பாத்திரத்து டீயை அவள் எதிரிலேயே நானும் குடித்தேன். முதல் நாள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடித்தாள். அடுத்த நாளும் கேட்டாள், சொன்னேன். ஆறாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடிக்கிறாள். உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடமும் போனேன். இவள் வரமாட்டேன் என்கிறாள், மாதாமாதம் நான்தான் போய் ஒப்பிக்கிறேன். நான்கு நிமிடம் கொடுத்தார். அதில் மூன்று நிமிடம் கம்ப்யூட்டர் திரைக்கு. "சாப்பாட்டுல நான் கலக்கறேன்னு சொல்றா டாக்டர்" என்றேன். "இன்னும் சந்தேகம் போகலயா?" என்று கேட்டுவிட்டு மருந்தை எட்டுச் சொட்டிலிருந்து பன்னிரண்டாக்கினார். முதலில் ஐந்து இருந்தது. போன மாதம் இதையே சொன்னபோதுதான் எட்டானது.

பன்னிரண்டு வந்த பிறகு காலை டீயைக் குடித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம்வரை எழுந்திருப்பதில்லை. வாயோரம் ஒழுகித் தலையணை நனைந்துபோகிறது. தினமும் ஒரு உறை துவைக்கிறேன். கை நடுங்கிச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நான்தான் போட்டுவிடுகிறேன். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுகிறவள் அவள். வகுப்பு வாத்தியாரே பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்.

மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடம் வார்டில் இருந்தவர் கேட்கிற கேள்வியா இது? முதல் வாரம் மாத்திரையை என் முகத்திலேயே துப்பினாள். தொண்டையில் சிக்குகிறது என்று சொல்லிச் சொட்டு மருந்தாக எழுதி வாங்கினேன். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாத்திரத்தில் இல்லை, அவள் கோப்பையில் மட்டும் விட்டுக் கலக்கிக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அவளே வாங்கிக் குடிக்கிறாள் என்று டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு புத்தகம் கொடுப்பார். நாலு பேர் பிடித்துக்கொண்டால் ஊசி போட யாருக்கும் வரும். ஒற்றை ஆளாக, சண்டை இல்லாமல், தினமும் உள்ளே இறக்குகிறேன் பாருங்கள். உங்கள் நர்ஸ் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
அதே ஆள்


மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதன் பிறகு என் முதல் பதிலின் நகலை எடுத்துப் படித்தேன். உட்கார முடியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் டீயில் மருந்து கலக்கிறீர்கள். ஏதோ கலக்கிறாய் என்று அவள் கண்டுபிடித்துக் கேட்கிறாள். அதை நோய் என்று டாக்டரிடம் சொல்கிறோம். அவர் மருந்தைக் கூட்டுகிறார். கூட்டியதையும் நீங்கள் கலக்கிறீர்கள். அவள் இன்னும் நிச்சயமாகக் கேட்கிறாள், அவர் இன்னும் கூட்டுகிறார். இந்த ஒரு விஷயத்தில், உங்களையும் என்னையும் டாக்டரையும் சேர்த்துப் பார்த்தால், புத்தி தெளிவாக இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லுங்கள் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தது நான். மருந்து யார் கையால் போகிறது என்று கேட்ட பிறகு அந்த ஆலோசனையைச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் ஆலோசனை, கடைசியில் கேள்வி என்று எழுதினேன். புதிதாக வந்த பெண் செய்யமாட்டாள் அந்தத் தப்பை. உங்கள் கோப்பில் அது என் தப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அது ஆபத்து. இந்த வாரமே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அவளிடம் சொல்லுங்கள். வேறு யாரும் சொல்லக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் தேதிக்குள் டாக்டருக்குத் தெரியாவிட்டால் நான் சொல்லுவேன். அவள் உடம்பு அந்த நிலையில் இருக்கிறது.

அன்புடன்,
நர்ஸ்


மார்ச் 6

நர்ஸம்மாவுக்கு,

நமக்குள் இருக்கும் என்று எழுதியது நீங்கள். நானும் ஒரு முட்டாள், எழுத ஆள் கிடைத்ததே என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், சொல்லிவிட்டு அடுத்த நாள்? அவள் ஒரு சொட்டும் குடிக்கமாட்டாள். மறுபடி சுவர் பேசும். மறுபடி செருப்பில்லாமல் கிளம்புவாள். இந்தத் தடவை ஏழு மணி நேரத்தில் கிடைப்பாள் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா? ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிய மணிக்கட்டில் இன்னும் தடம் இருக்கிறது. சட்டை மாட்டிவிடும்போது தினமும் பார்க்கிறேன். அங்கே திரும்ப அனுப்பக் கூடாது என்றுதான் கலக்கினேன். வேறு எதற்கு? எனக்கென்ன வேண்டுதலா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த உலகத்தில் அவள் இன்னும் வாங்கிச் சாப்பிடுகிறது என் கையால் மட்டும்தான். அப்பா கொண்டுவந்தால் தொடமாட்டாள். பெரியம்மா கொடுத்தால் தட்டிவிடுவாள். அதையும் போக்கிவிட்டு நான் என்ன செய்வேன்? அவளுக்குத் திட்டத்திலிருந்து கடிதம் மூலம் சாப்பாடு அனுப்புவீர்களா?

உங்கள் தப்பைக் கோப்பில் எழுதினீர்களாம். எழுதிவிட்டால் ஆயிற்றா? எங்கள் கடையில்கூடக் கறை போகாவிட்டால் சீட்டில் எழுதித்தான் திருப்பிக் கொடுப்போம். கறை அங்கேயேதான் இருக்கும்.

சொல்லுங்கள், போய்ச் சொல்லுங்கள். இனி எனக்கு எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
கலக்குகிறவள்


மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதியாக வேண்டும்.

நேற்று டாக்டரிடம் சொன்னேன். முதலில் என்மேல் எரிந்து விழுந்தார், அப்புறம் உங்கள்மேல். பிறகு தான் எழுதியதையே புரட்டிப் பார்த்தார். இன்றிலிருந்து எட்டுச் சொட்டு போதும் என்கிறார். இதனுடன் அவர் கையெழுத்திட்ட சீட்டு இருக்கிறது. பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். நான்கு நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அது உங்களிடம்தான் இருக்கிறது. அவள் மருந்தை நிறுத்திவிடுவாள் என்ற பயம் நியாயமானது. நிறுத்தமாட்டாள் என்று என்னால் எழுதித் தர முடியாது.

வார்டில் இருந்தபோது சோற்றில் பொடித்துப் போடுகிற தாய்மார்களை நிறையப் பார்த்தேன். கண்டும் காணாததுபோல இருந்தேன், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. உங்களைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நர்ஸ்


மார்ச் 30

நர்ஸம்மாவுக்கு,

சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டேன்.

பதினாறாம் தேதி காலை. டீக்கோப்பையை மேசைமேல் வைத்து, பக்கத்தில் மருந்து பாட்டிலையும் வைத்தேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைத்தான் கலக்கினேன் என்றேன். தூக்கி எறிவாள் என்று கதவைச் சாத்திவைத்திருந்தேன். எறியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் சொன்னது நிஜந்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி அதையே கேட்டாள். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவினாள். அவள் முகத்தில் பயமே இல்லை நர்ஸம்மா. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கிளம்பு என்று நான் சொல்லவே இல்லை. அவளே செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரின் முன்னால் உட்கார்ந்து, "என்னைப் பத்தி எழுதியிருக்கறத வாசிங்க" என்றாள். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "தாய் உணவில் கலப்பதாகப் பொய்யான நம்பிக்கை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். அதை அடிங்க என்றாள். அவ்வளவு படித்தவர், இரண்டை அடித்துவிட்டு ஒன்றை விட்டுவிட்டார். நடுங்குகிற விரலால் இவள் அந்த இடத்தைக் காட்டினாள். மறுபடி ஐந்து சொட்டுக்கு வந்திருக்கிறது.

நீங்கள் எதிர்பார்க்கிற முடிவு அத்தோடு முடிகிறது. மற்றதையும் கேளுங்கள்.

அன்றிலிருந்து என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடையில் வாங்கிய பிரிக்காத ரொட்டி, தானே உரித்த பழம், அவ்வளவுதான். இருபத்திரண்டாம் தேதி பையை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆமாம், என் அக்கா வீட்டுக்குத்தான். மருந்தை அவளே கரண்டியில் எண்ணி விட்டுக்கொள்கிறாளாம். நடுவில் இரண்டு நாள் மருந்தே எடுத்துக்கொள்ளவில்லையாம். அதை அக்கா போனில், ஏதோ நான் செய்த குற்றம்போல எனக்குச் சொல்கிறாள். பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்று இப்போது அவளிடம் நான் பாடம் கேட்கிறேன். இதற்கும் சேர்த்து உங்களுக்கு நன்றி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்தார்கள். நான் கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று என் கண்ணெதிரிலேயே நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நியாயம்தான். பொத்தானை அவளே போட்டிருந்தாள், ஒன்று மாறிப் போயிருந்தது. போட்டுவிடக் கை போயிற்று. இழுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல மெதுவாகக் கேட்டாள். "ஆறு மாசமா, தினமும் காலைல, என் முகத்தப் பாத்துக்கிட்டே கொடுத்தியே. எப்படிம்மா உன்னால முடிஞ்சுது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. நின்றால் மறுபடி கேட்பாள் என்று வீடுவரை நடந்தே வந்தேன்.

நர்ஸ்தான் கையைப் பிடித்துச் சொல்லச் சொன்னாள் என்று உங்கள் தலையில் போட்டிருக்கலாம். அது கடைசிக் கொஞ்ச நாள் கதைதான். மற்ற நாளெல்லாம் நான்தான், அது எனக்குத் தெரியும். பயந்துதான் செய்தேன் என்றால் அது பாதிதான். அவள் குடித்து முடித்ததும், அப்பாடா, இன்றைக்கும் முடிந்தது என்று நிம்மதியாக வேலைக்குக் கிளம்புவேன். அந்த நிம்மதியை அவளிடம் எப்படிச் சொல்வது?

வரும் ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். கேட்பாள். இருபத்தாறு வருடம் இதே வேலையில் இருந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? சனிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி எழுதுங்கள்.

அவள் அம்மா